காபி மேக்கருக்கு வினிகர் மட்டும் ஊற்றினால் போதுமா?

4 ஜனவரி (கேள்வி)

சொட்டு முறை காபி மேக்கர் வைத்திருக்கிறேன். மாதம் தவறாமல் வினிகர் ஊற்றி ஒரு தடவை ஓட்டிவிடுகிறேன். அதற்கு மேல் சுத்தம் எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி. ஆனால் கொஞ்ச நாளாகக் காபி இறங்கவே யுகமாகிறது. இறங்கியதிலும் பழைய எண்ணெய் வாடை. தூளை மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான். மெஷினுக்கு ஆயுசு முடிந்துவிட்டதா, இல்லை வினிகரை இன்னும் கூட்ட வேண்டுமா?

4 ஜனவரி, இரவு

மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம், வினிகரையும் கூட்ட வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. மெதுவாக இறங்குவதற்குக் காரணம் தண்ணீரிலிருந்து வந்த உப்புப் படிவு. வாடைக்குக் காரணம் காபியிலிருந்து வந்த எண்ணெய். உப்புப் படிவை அமிலம் கரைக்கும். எண்ணெயை அமிலம் அசைக்காது, அதற்குச் சலவை சோடா போன்ற காரம் வேண்டும். மாதாமாதம் ஊற்றியும் உங்களுக்கு வாடை போகவில்லை என்றால் அதில் ஆச்சரியமே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. மெஷினில் காபித் தூள் இருக்கும் இடத்தை எல்லைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். தூளுக்கு முன்னால் ஓடுவது வெறும் தண்ணீர், அங்கே படிவது உப்பு. தூளுக்குப் பின்னால் ஓடுவது காபி, அங்கே படிவது எண்ணெய். தொட்டி, உள் குழாய், மேலே போகும் குழாய் எல்லாம் அமிலத்தின் வேலை. வடிகட்டிக் கூடை, ஜாடி, ஜாடி மூடி எல்லாம் காரத்தின் வேலை.

5 ஜனவரி

நேற்று அவசரமாக எழுதினேன். உப்பு ஏன் உள்ளே போய் உட்காருகிறது என்று கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார், நியாயமான கேள்வி.

நாம் உப்பு என்று சொல்வது சாப்பாட்டு உப்பு இல்லை. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், கூடக் கொஞ்சம் மெக்னீசியம். தண்ணீரில் கால்சியம், பைகார்பனேட்டோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. சூடு ஏறியதும் பைகார்பனேட் உடைந்து கரியமில வாயு வெளியேறுகிறது, கால்சியம் கார்பனேட் திடமாகப் பிரிந்து நிற்கிறது. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். இது நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். ஆகவே மெஷினில் எது அதிகம் கொதிக்கிறதோ அந்த இடத்தைத் தேடிப் போய்ப் படியும். தொட்டி பளிச்சென்று இருக்கிறதே, உள்ளே என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைப்பது இதனால்தான் தப்பு.

சொட்டு மெஷினின் அடிப்பாகத்தைக் கழற்றினால் உள்ளே ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம் சாமான்தான் இருக்கும். ஜாடி உட்காரும் சூட்டுத் தட்டுக்கு நேர் கீழே குதிரை லாட வடிவத்தில் ஒரு ஹீட்டர், அதோடு ஒட்டிய அலுமினியக் குழாய். தட்டைச் சூடாக வைப்பதும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதும் அந்த ஒரே ஹீட்டர்தான். பம்பு கிடையாது. தொட்டித் தண்ணீர் தன் எடையாலேயே குழாய்க்குள் இறங்கும், அங்கே கொதிக்கும், எழும் குமிழிகள் தண்ணீரைத் துண்டு துண்டாக மேலே தள்ளும். திரும்பித் தொட்டிக்கு ஓடாமல் இருக்க நடுவில் ஒருவழி வால்வு. மெஷின் ‘களக் களக்’ என்று பேசுவது இந்தக் குமிழிகள் தண்ணீரைத் தள்ளும் ஓசை.

செயலிழந்த மெஷின் ஒன்றைப் பிரித்து அந்தக் குழாயை உளியால் பிளந்து பார்த்திருக்கிறேன். விரல் நுழையும் குழாயில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம் இருந்தது. உட்சுவரில் முட்டை ஓடு போல வெளுத்த படிவு, ஆனால் ஓரடுக்கு இல்லை. குறுக்கே உடைத்துப் பார்த்தால் மெல்லிய வரிகளாக ஒன்றன்மேல் ஒன்று, நடுவில் இரண்டு மூன்று வரி மட்டும் பழுப்பு. ஒரு சில்லை எடுத்து வினிகரில் போட்டதும் ஓரங்களிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பின. அந்தக் குமிழி கரியமில வாயு. படிவு கால்சியம் கார்பனேட்தான் என்பதற்கு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

5 ஜனவரி, மாலை

சொல்ல மறந்தது. இந்தப் படிவு வழியை அடைப்பதோடு நிற்காது. அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் இது கடத்தும். ஹீட்டர் கொடுக்கிற சூடு தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தேங்கும். தெர்மோஸ்டாட் சீக்கிரம் சீக்கிரம் துண்டிக்கும், மெஷின் விட்டு விட்டு வேலை செய்யும். அதையும் தாண்டிச் சூடு ஏறினால் பாதுகாப்பு ஃபியூஸ் எரிந்து போகும். அது ஒருமுறை போனால் போனதுதான், தானாக மீளாது. ‘திடீரென்று செத்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல மெஷின்கள் மாதக்கணக்கில் எச்சரித்துக்கொண்டே இருந்தவைதான்.

எச்சரிக்கைகள் என்னென்ன என்று கேட்டால்: சத்தம் கூடும், ஆவி அதிகம் வரும், ஜாடி நிறைய நேரமாகும், தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் நிற்கும். காபி புளிப்பாக, உடம்பில்லாமல் இறங்கும், ஏனென்றால் தூளைத் தொடும்போது தண்ணீரின் சூடு 92 முதல் 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அது கிடைக்காது.

7 ஜனவரி

செய்முறை. நான் பயன்படுத்துவது சிட்ரிக் அமிலத் தூள். கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரிலும் வரும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 20 கிராம். முழுக்கக் கரைந்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள், கரையாத தூள் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் வடிகட்டி தொட்டிக்குள் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். கூடையில் ஒரு காகித வடிகட்டி வையுங்கள், உடைந்து வரும் சில்லுகளை அது பிடிக்கும். மெஷினைப் போட்டு, கால் பங்கு இறங்கியதும் அணைத்துவிடுங்கள். அரை மணி நேரம் சும்மா இருக்கட்டும். மறுபடி கால் பங்கு, மறுபடி ஓய்வு. அப்புறம் மிச்சத்தை இறக்கிவிடுங்கள்.

வேலை நடப்பது அந்த ஓய்வு நேரத்தில்தான். ஒரே மூச்சில் ஓட்டினால் அமிலம் படிவைத் தொட்டுக்கொண்டு ஓடிவிடுகிறது. கேள்வி கேட்டவர் ‘வினிகர் ஊற்றி ஒரு முறை ஓட்டிவிடுகிறேன்’ என்று எழுதியிருந்தார், அதில் எனக்குப் பட்ட முதல் சந்தேகம் இதுதான்.

பிறகு நல்ல தண்ணீர் இரண்டு முழுத் தொட்டி. இறங்கும் தண்ணீரை ஒரு மடக்கு வாயில் வைத்துப் பாருங்கள். புளிப்பு துளியும் இருக்கக்கூடாது. இருந்தால் இன்னொரு தொட்டி.

7 ஜனவரி, இரவு

ராத்திரி முழுக்க ஊறவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். குழாய் அலுமினியம். படிவு தீர்ந்த இடத்தில் அமிலம் உலோகத்தின் மேல் கைவைக்க ஆரம்பிக்கும். அரை மணி, போனால் ஒரு மணி. படிவு கெட்டியாக இருந்தால் நேரத்தை நீட்டாமல் புதுக் கரைசல் போடுங்கள்.

10 ஜனவரி

‘வினிகரில் என்ன குறை? சிட்ரிக் அமிலம்தான் உசத்தி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’

உசத்தி என்று சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 5 சதவீதம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் ஒரு லிட்டரில் 25 கிராம். வேதியியல் கணக்குப்படி அது அதிகபட்சம் 20 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைப்பது சுமார் 15 கிராம். அளவில் வினிகர் ஒன்றும் இளைத்தது இல்லை.

வேறுபாடு வேறு இரண்டு இடத்தில். சிட்ரிக் அமிலம் அசிட்டிக்கை விட வலுவானது, அதே நேரத்தில் அதிகம் கரைக்கும். இரண்டாவது, அசிட்டிக் அமிலம் ஆவியாகக்கூடியது. சூடான மெஷினிலிருந்து கிளம்பும் அந்த நெடி வீடு முழுக்கச் சுற்றும், ரப்பர் வளையங்களிலும் சிலிக்கோன் குழாய்களிலும் ஏறிக்கொண்டு பிறகு வரும் காபியிலும் தலைகாட்டும். சிட்ரிக் அமிலத்துக்கு வாடையே கிடையாது. கையில் வினிகர் மட்டும்தான் இருக்கிறது என்றால் தாராளமாக அதையே போடுங்கள், அலசலைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சில மெஷின்களின் கையேட்டிலேயே வினிகர் கூடாது என்று அச்சடித்திருப்பார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

12 ஜனவரி

சிட்ரிக் அமிலத்துக்கும் ஒரு குணம் உண்டு. 7-ஆம் தேதிக் குறிப்பில் சேர்த்துப் படியுங்கள். அது கால்சியத்தோடு சேர்ந்தால் கால்சியம் சிட்ரேட். கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் லேசில் கரையாது, லிட்டருக்கு ஒரு கிராம் கூடக் கரைவது சிரமம். அதிலும் சூடான தண்ணீரில் இன்னும் குறைவு. கரைசல் புளிப்பாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அமிலம் தீர்ந்துபோன கரைசலைக் கொதிக்கக் கொதிக்கத் திரும்பத் திரும்ப ஓட்டினால் வெள்ளை மாவு மாதிரி ஒன்று பிரிந்து வரும். ஒரு படிவைக் கரைத்து இன்னொரு படிவை உண்டாக்கிய கதையாகிவிடும்.

ஆகவே, ஜாடியில் இறங்கிய கரைசலை மறுபடி தொட்டியில் ஊற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம். லிட்டருக்கு 50, 60 கிராம் என்று கெட்டியாகக் கலக்கவும் வேண்டாம். 20 கிராம் கரைசலை இரண்டு தடவை புதிதாகக் கலப்பது நல்லது. சொட்டு மெஷினில் குழாய்க்குள் கொதிப்பதை நம்மால் தடுக்க முடியாது. அதனால்தான் கொஞ்சம் இறக்கி அணைத்துவிடச் சொன்னேன், ஓய்வு நேரத்தில் சூடு தணிந்துவிடும்.

கடையில் டீஸ்கேலர் என்று வருபவை சிலவற்றில் லாக்டிக் அமிலமோ சல்ஃபாமிக் அமிலமோ இருக்கும். அவற்றின் கால்சியம் உப்புகள் நன்றாகக் கரையும், அதனால் இந்த மாவுத் தொல்லை இல்லை. மெஷின் விலை உயர்ந்தது, உள்ளே கைவைக்க வழியில்லை என்றால் அந்த வகையே நிம்மதி.

13 ஜனவரி

எண்ணெய்ப் பக்கம் வருவோம். இதைப் பற்றி யாருமே கவலைப்படுவதில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

காபிக் கொட்டையில் எண்ணெய்ச் சத்து கணிசம். அரபிகாவில் எடையில் 15 சதவீதம் பக்கம், ரொபஸ்டாவில் 10 சதவீதம் பக்கம். காகித வடிகட்டி அதில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். கம்பி வலை வடிகட்டி பிடிக்காது, எண்ணெய் நேராக ஜாடிக்குப் போகும். கூடை, வலை, ஜாடியின் கழுத்து, மூடியின் உள்பக்கம் எல்லாவற்றிலும் மெல்லிய பூச்சாகப் படியும். காற்றுப் பட்டு அது சிக்குவாடை அடிக்கும். ஜாடி சூட்டுத் தட்டில் உட்கார்ந்திருப்பதால் வேகமாகவே அடிக்கும். நீங்கள் எவ்வளவு நல்ல தூள் போட்டாலும் முதல் மடக்கில் வருவது பழைய காபியின் வாடை.

சோதனை: நன்றாகக் காய்ந்த ஜாடி மூடியைக் கழற்றி, உள்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டையை மோந்து பாருங்கள். ஜாடி கண்ணாடி மாதிரி இருந்தாலும் மூடி பொய் சொல்லாது. ஊற்றும்போது காபி அந்த மூடி வழியாகத்தான் வருகிறது, கழுவும்போது அதைக் குழாயடியில் காட்டிவிட்டு வைத்துவிடுகிறோம்.

இதற்குச் சோடியம் பெர்கார்பனேட். துணிக்கறை போக்க ஆக்ஸிஜன் பிளீச் என்று வருகிறதே, அதன் முக்கியச் சரக்கு. வாசனையும் நிறமும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். சோடா எண்ணெயைப் பிடிக்கும், பெராக்சைடு பழுப்புக் கறையை வெளுக்கும். நல்ல சூடான தண்ணீரில்தான் வேலை செய்யும். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, அரை மணி நேர ஊறல், தேய்க்கவே வேண்டியதில்லை. தண்ணீர் தேநீர் நிறமாக மாறுவதைப் பார்த்தால் இத்தனை நாள் எதோடு கலந்து குடித்தோம் என்று புரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலை உலர்த்தும்.

13 ஜனவரி, சற்று நேரம் கழித்து

இரண்டு எச்சரிக்கை, தனியாகவே எழுதுகிறேன்.

அலுமினியப் பாத்திரத்தைப் பெர்கார்பனேட்டில் போடாதீர்கள். காரம் அலுமினியத்தை அரிக்கும், கறுத்துப் போகும். அடுப்பில் வைக்கும் மோக்கா பாட் பெரும்பாலும் அலுமினியம், அதற்குச் சாதாரணப் பாத்திர சோப்பும் மென்மையான பஞ்சும் போதும். அதே காரணத்துக்காகப் பெர்கார்பனேட்டைச் சொட்டு மெஷினின் தொட்டியில் ஊற்றி ஓட்டவும் கூடாது, உள்ளே இருப்பது அலுமினியக் குழாய். அங்கே காபி எண்ணெய் போவதும் இல்லை.

காற்று நுழையாத மூடியுள்ள பாத்திரத்தில் பெர்கார்பனேட் கரைசலை மூடி வைக்காதீர்கள். ஆக்ஸிஜன் வாயு வந்துகொண்டே இருக்கும். ஃபிளாஸ்க் ஜாடியை ஊறவைக்கும்போது மூடியைத் தனியே ஊறவையுங்கள்.

15 ஜனவரி

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றினால் பொங்கிச் சுத்தமாகும் என்று ஒரு யோசனை இங்கே மறுபடி மறுபடி வருகிறது. பொங்குவது உண்மை. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். உப்பும் போகாது, எண்ணெயும் போகாது.

வீணாவது ஒருபுறம். அமிலத்தோடு குளோரின் பிளீச்சைச் சேர்ப்பது ஆபத்து. குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். தொட்டியில் பூஞ்சை இருக்கிறதென்று பிளீச் ஊற்றியவர்கள், மறுநாள் அலசாமல் வினிகர் ஊற்றியவர்கள் உண்டு. தயவுசெய்து பிளீச்சை மெஷின் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

15 ஜனவரி, இரவு

பூஞ்சை என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. தொட்டியின் சுவரை விரலால் தடவுங்கள். வழுவழு என்று இருந்தால் அது உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, நுண்ணுயிர்ப் படலம். இருட்டு, ஈரம், லேசான சூடு, மூடிய மூடி. அதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 2011-இல் அமெரிக்காவில் என்எஸ்எஃப் என்ற அமைப்பு வீடுகளில் கிருமி எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தபோது காபி மெஷின் தொட்டிகளும் பட்டியலில் வந்தன.

மருந்து தேவையில்லை. தொட்டி கழற்றக்கூடியதென்றால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழற்ற முடியாததென்றால் நீளக் கைப்பிடி உள்ள பிரஷ். தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடியைத் திறந்தே வையுங்கள். காய்ந்த இடத்தில் எதுவும் வளராது.

18 ஜனவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார்: மூடியும் கூடையும் ஊறவைத்ததில் வாடை போய்விட்டது. சிட்ரிக் அமிலம் இரண்டு முறை ஓட்டியும் வேகம் பாதிதான் திரும்பியிருக்கிறது.

பெரும்பாலும் சில்லுகள். படிவு முழுதாகக் கரையாமல் தகடாகப் பெயர்ந்து ஏதாவது ஒரு குறுகலில் சிக்கிக்கொள்ளும். பார்க்க வேண்டிய இடம் இரண்டு. முதலாவது, தூளின் மேல் தண்ணீர் தூவும் தலை. பல மெஷின்களில் திருகினால் கழன்று வரும். ஒவ்வொரு ஓட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பல்குத்தும் குச்சியால் எடுங்கள். ஊசி வேண்டாம், பிளாஸ்டிக்கில் ஓட்டை பெரிதாகிவிடும். இரண்டாவது, தொட்டியின் அடியில் இருக்கும் துளையும் அதற்குக் கீழே இருக்கும் ஒருவழி வால்வும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மெஷின் நன்றாக ஆறியபின் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரோடு மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள். உள்ளே கிடுகிடு என்று எதுவாவது உருண்டால் அதுதான் ஆள். கவிழ்த்துக் கொட்டும்போது விழுந்துவிடும்.

20 ஜனவரி

விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அரிசியளவு மூன்று வெள்ளைச் சில்லுகளாம். இப்போது பழைய வேகம் வந்துவிட்டதாம். படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

சில்லுகளைத் தூக்கிப் போடாமல் வினிகரில் போட்டுப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். பொங்கினால் கார்பனேட். பொங்காமல் கிடந்தால் கால்சியம் சல்ஃபேட்டோ சிலிக்காவோ இருக்கலாம், அவற்றை வீட்டு அமிலம் எதுவும் அசைக்காது. அப்போது கவனிக்க வேண்டியது மெஷினை விட்டுத் தண்ணீரை.

23 ஜனவரி

எத்தனை நாளைக்கு ஒருமுறை? இந்தக் கேள்விக்கு நாட்களில் பதில் சொல்லவே முடியாது. தண்ணீரின் கடினத்தன்மையைப் பொறுத்தது.

கடினத்தன்மையை ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று அளப்பார்கள். 60 வரை மென்னீர். 120 வரை நடுத்தரம். 180 வரை கடினம். அதற்கு மேல் மிகக் கடினம். சில ஐரோப்பிய மெஷின்களில் ஜெர்மன் டிகிரி போட்டிருப்பார்கள், ஒரு டிகிரி என்பது 17.8 மில்லிகிராம். 200 மில்லிகிராம் தண்ணீரை நாளுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு வருடத்தில் மெஷின் வழியாகப் போவது 73 கிராம். அத்தனையும் உள்ளேயே தங்காது, பெரும்பங்கு காபியோடு வெளியே வந்துவிடும். ஆனால் பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் 7 கிராம். ஒல்லிக் குழாய்க்கு அது பெரிய பாரம்.

நான் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்க்கிறேன். மெஷின் சுத்தமாக இருக்கும்போது ஒரு முழுத் தொட்டி இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று குறித்து, மெஷினின் அடியிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். அதைவிட ஒரு நிமிடம் கூடுதலானால் சிட்ரிக் அமிலத்தை எடுத்துவிடுவேன். கேள்வி கேட்டவர் செய்த மாதாந்திர ஒழுங்கு மென்னீர்க்காரருக்கு அதிகம், மிகக் கடின நீர்க்காரருக்கு ஒருவேளை போதாது.

24 ஜனவரி

டிடிஎஸ் மீட்டரில் 400 காட்டுகிறது, என் தண்ணீர் கடினமா? தெரியாது. அந்த மீட்டர் அளப்பது மின்கடத்துத்திறனை. கரைந்திருக்கும் எல்லாமும் அதில் சேரும், சாதாரண உப்பும் கூட. கால்சியத்தைச் சோடியத்துக்கு மாற்றிக் கொடுக்கும் மென்னீராக்கியின் முன்னும் பின்னும் டிடிஎஸ் கிட்டத்தட்ட அதேதான் காட்டும், ஆனால் பின்னால் வரும் தண்ணீரில் படிவு இருக்காது. கடினத்தன்மைக்கென்றே நனைத்துப் பார்க்கும் பட்டைகள் இருக்கின்றன, அதுதான் சரி.

26 ஜனவரி

‘ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் இந்தத் தலைவலியே இல்லையே?’

படிவு பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் தாது எதுவும் இல்லாத தண்ணீரில் காபி தட்டையாக இறங்கும். சுவையை இழுத்து வரக் கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும், புளிப்பைச் சமன் செய்யக் கொஞ்சம் பைகார்பனேட் வேண்டும். அதோடு, கொதிகலன் உள்ள எஸ்பிரசோ மெஷின்களில் தண்ணீர் மட்டத்தை மின்கடத்தலால் அறியும் கம்பி இருக்கும். மிகத் தூய நீரை அது தண்ணீராகவே பார்க்காது, நிரப்பிக்கொண்டே போகும். மிகத் தூய நீர் உலோகத்தையும் மெல்ல அரிக்கும். ஆர்ஓ தண்ணீரோடு சாதாரணக் குழாய் நீரைக் கொஞ்சம் கலந்து, பட்டையில் 50-இலிருந்து 100-க்குள் வரும்படி வைத்துக்கொள்வது என் பழக்கம். மெஷினுக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது.

29 ஜனவரி

எஸ்பிரசோ மெஷின்காரர்கள் வரிசையாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முதல் நாள் சொன்ன எல்லைக் கோட்டை அவர்களுக்காகக் கொஞ்சம் திருத்த வேண்டும். தூளுக்கு முன்னால் எண்ணெய் இருக்காது என்றேன். சொட்டு மெஷினுக்கு அது சரி. எஸ்பிரசோவில் அப்படி இல்லை. மூவழி வால்வு உள்ள மெஷினில், பம்பு நின்றதும் தூளின் மேல் நிற்கும் அழுத்தம் அந்த வால்வு வழியாக வெளியேறும். போகும்போது காபியையும் பொடித் தூளையும் மேல்நோக்கி இழுத்துக்கொண்டு போகும். ஆகவே தூவும் சல்லடைக்கு மேலேயும், வால்வுக்கு உள்ளேயும் எண்ணெய் படியும்.

அதற்குத்தான் பின்னோக்கி அலசுவது. ஓட்டை இல்லாத குருட்டுக் கூடையில் எஸ்பிரசோ மெஷினைச் சுத்தம் செய்யவென்றே வரும் தூளை (காபித் தூள் இல்லை) அரைத் தேக்கரண்டி போட்டுப் பூட்டி, பம்பைப் பத்து விநாடி ஓட்டி நிறுத்துங்கள். இப்படி நாலைந்து தடவை. பிறகு தூளில்லாமல் வெறும் தண்ணீரில் அதே மாதிரி, நுரை நிற்கும்வரை. மூவழி வால்வு இல்லாத மெஷினில் இதைச் செய்யக்கூடாது, அழுத்தம் வெளியேற வழி இருக்காது. அடையாளம் எளிது: காபி எடுத்து முடித்ததும் ‘உஸ்’ என்று தட்டுக்குள் தண்ணீர் பாய்ந்தால் வால்வு இருக்கிறது.

சல்லடையைத் திருகு கழற்றி எடுத்து ஒருமுறையாவது பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும், பின்பக்கம் கறுத்த அரக்கு ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும்.

29 ஜனவரி, இரவு

ஒருவர் பித்தளைக் கொதிகலனில் உப்பு எடுத்தபோது தண்ணீர் நீலப் பச்சையாக வந்ததென்று பயந்து எழுதியிருக்கிறார். அமிலம் கொஞ்சம் செம்பைக் கரைத்திருக்கிறது. நிறம் தெரிந்த உடனே நிறுத்தி, நிறம் முழுக்கப் போகும்வரை அலசுங்கள். அந்தத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள். மடக்கு வைத்துப் பார்க்கச் சொன்னது அலுமினியக் குழாய் உள்ள சொட்டு மெஷினுக்கு, பித்தளைக்கு லிட்மஸ் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கரைசல் நிற்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

2 பிப்ரவரி

பால் நுரைக்கும் குழாய் பற்றியும் கேட்டிருந்தார்கள். அங்கே படிவது பால் புரதம், கொழுப்பு, பாலிலுள்ள கால்சியம் மூன்றும் சேர்ந்த ஒரு பசை. நுரைத்து முடித்த நொடியிலேயே ஈரத்துணியால் துடைத்து, ஒரு விநாடி ஆவியைத் திறந்துவிட்டால் போதும். ஆறவிட்டால் முனையின் ஓட்டைகளில் இறுகிவிடும். இறுகியதென்றால் முனையை மட்டும் கழற்றிச் சூடான பெர்கார்பனேட் கரைசலில் போடுங்கள், முனை துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் மட்டும். மிச்ச வெள்ளைக் கறைக்குச் சிட்ரிக் அமிலம். முதலில் காரம், நடுவில் நன்றாக அலசல், பிறகுதான் அமிலம். எண்ணெய்ப் பூச்சு மேலே இருக்கும்வரை அமிலம் கீழே இருக்கும் உப்பை எட்டாது.

5 பிப்ரவரி

எஸ்பிரசோ மெஷினின் ரப்பர் வளையத்தை எப்போது மாற்றுவது என்று கடைசியாக வந்த கேள்வி. தூள் கூடையைப் பூட்டும் கைப்பிடி முன்பு நின்ற இடத்தைத் தாண்டி வலது பக்கம் போய் நின்றாலோ, ஓரத்தில் காபி கசிந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. பழையதை எடுத்தபின், அது உட்கார்ந்திருந்த பள்ளத்தை ஒரு பிரஷ் விட்டுத் தேய்த்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். அங்கே சேர்ந்திருக்கும் கருகிய தூளை அப்படியே விட்டால் புது வளையமும் நேராக உட்காராது.